மஞ்சள் கடுதாசியும் மறைக்காத கணக்கும்: காவிரி டெல்டாவில் நொடிப்பும் நேர்மையும்

கடனைத் திருப்பித் தர வழியில்லாதவர் நீதிமன்றத்தில் மனுச் செய்து, தன் சொத்து முழுவதையும் ஒப்படைத்து, கடன் கொடுத்தவர்களின் நெருக்கடியிலிருந்து பாதுகாப்புக் கேட்பது நொடிப்பு நடைமுறை. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கத்தில் இதை அந்தப் பெயரில் சொல்பவர்கள் குறைவு. ‘ஐ.பி. போட்டுவிட்டார்’, ‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்’ என்பதே ஊர்ப்பேச்சு. அந்தப் பேச்சில் இரக்கத்தைவிடச் சந்தேகமே மிகுதி. கையில் பணம் இருந்தும் இல்லையென்று எழுதிக் கொடுத்துவிட்டார், நிலத்தை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு வெறுங்கையைக் காட்டுகிறார் என்ற எண்ணம் அந்தச் சொற்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சட்டம் எழுதியவர்களுக்கும் இதே சந்தேகம் இருந்தது. நொடித்தவருக்கு நிவாரணம் தர வேண்டும் என்பதில் பெரும்பாலோர் உடன்படுகின்றனர். அவர் தன் கணக்கை முழுமையாகவும் நேர்மையாகவும் வைத்தாரா என்பதை எந்தக் கட்டத்தில், யார், எப்படிச் சோதிப்பது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. இக்கேள்விக்குக் கிடைத்துள்ள முக்கிய விடைகள், அவை தோன்றிய சூழல், அவற்றின் பலவீனங்கள், நெல் விளையும் டெல்டாவில் அவை எப்படிப் பொருந்துகின்றன என்பன இங்கே வரிசையாகப் பார்க்கப்படுகின்றன.

பழைய விடைகள்

கடனும் கணக்கும் தமிழ் மண்ணில் நெடுங்காலமாகச் சேர்ந்தே பேசப்பட்டவை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், முதலாம் இராசராசன் காலத்தில் கோயிலின் பணம் ஊர்ச்சபைகளுக்கு வட்டிக்குத் தரப்பட்டதைச் சொல்கின்றன. ஆண்டுக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி என்று கல்லிலேயே வெட்டிவைத்தனர். அதற்கு முன்பே முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921), வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் குடவோலைத் தேர்வுக்குத் தகுதியற்றவர் என்று விதித்தன. இவை நொடிப்பு விதிகள் அல்ல. ஆனாலும் கணக்கை மறைப்பவர் ஊரின் நம்பிக்கையை இழப்பார் என்ற கருத்து அவற்றில் தெளிவாக உள்ளது.

கடன் வசூலிப்பில் மானம் எவ்வளவு வலிமையாக இருந்தது என்பதற்கு 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்தின் கிழக்குக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ சாட்சி. கடன் கொடுத்தவர் கடனாளியைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுவிட்டால், கடனைத் தீர்க்காமலோ பிணை தராமலோ கடனாளி அந்த வட்டத்தைத் தாண்டுவதில்லை என்று அவர் எழுதினார். வெளிநாட்டு வணிகர் ஒருவர் மன்னரையே அப்படி வட்டத்துக்குள் நிறுத்தியதைக் கண்டதாகவும் அவர் குறித்துள்ளார். அங்கே கணக்கை எழுதிக் கொடுக்கும் வேலையே இல்லை. ஊரார் முன்னிலையில் கடனாளி நிற்பதே போதுமான பிணையாக இருந்தது.

இங்கிலாந்தின் விடை வேறு. 1705-ஆம் ஆண்டுச் சட்டம், தன் சொத்து முழுவதையும் வெளிப்படுத்தி ஒத்துழைக்கும் வணிகருக்கு மீதிக் கடனிலிருந்து விடுவிப்பு தரும் வழியைத் திறந்தது. அதே சட்டம், சொத்தை ஒளிக்கும் நொடிப்பாளருக்கு மரண தண்டனையும் விதித்தது. அந்த வகைச் சட்டத்தின்கீழ், சொத்தை மறைத்த துணி வணிகர் ஜான் பெரட் 1761-இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். நேர்மைக்குப் பரிசு விடுதலை, மறைப்புக்குப் பரிசு தண்டனை என்ற இந்தப் பேரமே பின்னாளில் இந்தியாவுக்கு வந்த நொடிப்புச் சட்டங்களின் அடித்தளம்.

சட்டம் கேட்கும் கணக்கு

சென்னை நகரத்துக்கு 1909-ஆம் ஆண்டு மாகாணத் தலைநகரங்களின் நொடிப்புச் சட்டமும், தஞ்சாவூர் உள்ளிட்ட பிற பகுதிகளுக்கு 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டமும் உரியவை. பின்னது 1907-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது.

1909 சட்டத்துக்குச் சற்று முன்புதான் மறைக்கப்பட்ட கணக்கின் விலையைச் சென்னை மாகாணம் கண்டிருந்தது. 1906 அக்டோபர் 22 அன்று சென்னையின் பெரும் வணிக நிறுவனமான அர்பத்நாட் கம்பெனி பணம் தருவதை நிறுத்தியது. தென்னிந்தியக் குடும்பங்கள் பலவற்றின் சேமிப்பு அதோடு போயிற்று. நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மோசடிக் குற்றத்துக்காகச் சிறைக்குச் சென்றார். பணம் போட்டவர்களுக்காக முன்நின்ற வழக்கறிஞர்களில் முதன்மையானவர் திருவிடைமருதூரில் பிறந்த வி. கிருஷ்ணசாமி ஐயர். அடுத்த ஆண்டு இந்தியன் வங்கி தோன்ற அவரே முக்கியக் காரணம். கடன் வாங்கியவரின் உள்நிலை வெளியே தெரியாதவரை கடன் கொடுத்தவருக்குப் பாதுகாப்பில்லை என்பதை அந்த வீழ்ச்சி ஊரறியச் செய்தது.

1920 சட்டத்தின்படி, 500 ரூபாய்க்குக் குறையாத கடன் உள்ளவரோ, கடனுக்காகக் கைதானவரோ, சொத்து ஜப்தி உத்தரவுக்கு ஆளானவரோ மனுச் செய்யலாம். மனுவில் என்ன இருக்க வேண்டும் என்பதை 13-ஆம் பிரிவு பட்டியலிடுகிறது: கடனைத் தீர்க்க இயலாது என்ற அறிக்கை, ஒவ்வொரு கடனின் தொகையும் விவரமும், கடன் கொடுத்தவர்களின் பெயரும் ஊரும், தன் சொத்துகள் ஒவ்வொன்றின் விவரமும் மதிப்பும் இருக்கும் இடமும், அவற்றை நீதிமன்றத்திடம் ஒப்படைக்கச் சம்மதம், முன்பு எப்போதாவது இப்படி மனுச் செய்ததுண்டா என்ற தகவல். மனு ஏற்கப்பட்ட பிறகு கணக்குப் புத்தகங்களைக் கொண்டுவருவதும் விசாரணைக்கு ஒத்துழைப்பதும் 22-ஆம் பிரிவின்கீழ்க் கடனாளியின் கடமை.

நொடித்தவர் என்று உத்தரவானதும் அவருடைய சொத்து நீதிமன்றத்துக்கோ, அதை நிர்வகிக்கும் அபிஷியல் ரிசீவருக்கோ உரிமையாகிறது. நீதிமன்ற அனுமதியின்றிக் கடன் கொடுத்தவர்கள் தனித்தனியே வழக்குப் போட முடியாது. அடமானம் பெற்றவரின் உரிமை மட்டும் இதனால் பாதிக்கப்படுவதில்லை. உரிய காலத்தில் கடனாளி விடுவிப்புக் கேட்டு இன்னொரு மனுச் செய்ய வேண்டும். அது கிடைத்தால்தான் பழைய கடன்களிலிருந்து உண்மையான விடுதலை. நுழைவாயில் ஒன்று, வெளிவாயில் ஒன்று என இரண்டு கட்டங்கள் இருப்பதால், நேர்மையை எந்த வாயிலில் சோதிப்பது என்ற விவாதம் எழுந்தது.

முதல் நிலைப்பாடு: வாசலிலேயே தடுப்பது

பொய்க் கணக்கோடு வருபவரை உள்ளேயே விடக்கூடாது என்பது முதல் கருத்து. நீதிமன்ற நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துவதை எந்த நீதிமன்றமும் அனுமதிக்கத் தேவையில்லை என்பது இதன் வாதம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய நீதிமன்றங்கள் சில, இந்தக் காரணத்தைச் சொல்லிக் கடனாளிகளின் மனுக்களைத் தள்ளின. சொத்து முழுவதையும் காட்டாதவர், வேண்டுமென்றே கடனைப் பெருக்கியவர், கைதைத் தவிர்ப்பதற்காக மட்டும் வந்தவர் எனப் பலர் இதில் அடங்கினர்.

இதன் வலிமை எளிமையில் இருக்கிறது. ஊரார் நினைக்கும் நீதியும் இதுதான். பலவீனம் என்னவென்றால், மனுவில் விடுபட்டது மறதியா, அறியாமையா, திட்டமிட்ட மறைப்பா என்பது தொடக்கத்தில் தெரிவதில்லை. எல்லா விடுபடலையும் மறைப்பாகக் கருதினால், கணக்கு எழுதத் தெரியாத ஏழைக் கடனாளிதான் முதலில் வெளியே தள்ளப்படுவார். கெட்டிக்காரர் தாளில் குறையில்லாமல் எழுதிக்கொண்டு வந்துவிடுவார். மனு தள்ளுபடியானால் கடன் கொடுத்தவர்களுக்கும் நன்மையில்லை. ரிசீவர் கையில் சொத்து வராது. வேகமாக ஓடி ஜப்தி செய்பவருக்கே அது கிடைக்கும்.

இரண்டாம் நிலைப்பாடு: வெளியேறும் வழியில் சோதிப்பது

1916-இல் லண்டன் பிரிவி கவுன்சில், சத்ரபத் சிங் துகர் எதிர் கரக் சிங் லச்மிராம் வழக்கில் முதல் கருத்தை நிராகரித்தது. சட்டம் கேட்கும் நிபந்தனைகளை நிறைவேற்றும் கடனாளிக்கு நொடித்தவர் என்ற உத்தரவு பெறும் உரிமை உண்டு என்றும், நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்ற நிச்சயமற்ற காரணத்தால் அந்த உரிமையைப் பறிக்க முடியாது என்றும் அது தீர்ப்பளித்தது. கடனாளியின் நடத்தையை ஆராயும் இடம் விடுவிப்புக் கட்டம் என்பது இத்தீர்ப்பின் சாரம். 1920 சட்டமும் இதையே பின்பற்றியது. கடனாளியே மனுதாரராக இருந்தால், கடன் தீர்க்க இயலாமைக்கு மேலோட்டமான ஆதாரம் போதும் என்று 24-ஆம் பிரிவு சொல்கிறது.

வெளிவாயிலில் விதிகள் கடுமையானவை. சொத்து ரூபாய்க்கு எட்டணா வீதம்கூடக் கடனை ஈடுசெய்யாமல் போய், அதற்குத் தன் பொறுப்பில்லாத காரணத்தைக் காட்ட முடியாதவர், வழக்கமான கணக்குப் புத்தகங்களை வைக்காதவர், நொடித்துவிட்டோம் என்று தெரிந்தும் வியாபாரத்தைத் தொடர்ந்தவர், மோசடி செய்தவர் ஆகியோருக்கு முழு விடுவிப்பை மறுக்க வேண்டும் என்று 42-ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. விடுவிப்புக் கிடைத்தாலும் மோசடியால் ஏற்பட்ட கடனும் அரசுக்குச் செலுத்த வேண்டியதும் தொடரும் என்பது 44-ஆம் பிரிவு.

இந்த நிலைப்பாடு கொள்கையில் நேர்த்தியானது. சொத்தை முதலில் பாதுகாத்து, பிறகு நிதானமாக நடத்தையை எடைபோட அது இடம் தருகிறது. ஆனால் கடனாளி வெளிவாயில் வரை வந்தால்தான் அங்கே வைத்த சோதனைக்குப் பயன் உண்டு. பாதுகாப்பு உத்தரவும் கைதிலிருந்து விலக்கும் உள்ளே நுழைந்ததுமே கிடைக்கின்றன. அதற்கு மேல் எதுவும் வேண்டாதவருக்கு விடுவிப்பு மனுச் செய்யக் காரணமில்லை. உரிய காலத்தில் அவர் மனுச் செய்யாவிட்டால் நொடிப்பு உத்தரவை ரத்துசெய்ய 43-ஆம் பிரிவு வழிசெய்கிறது. அப்படி ரத்தானால் அவருடைய நேர்மை கடைசிவரை சோதிக்கப்படுவதே இல்லை. ஊர்ப்பேச்சில் ஐ.பி. என்பது இடைக்கால நழுவலாகப் பெயரெடுத்ததற்கு இந்த இடைவெளி ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

மூன்றாம் நிலைப்பாடு: தண்டனை

பொய்க் கணக்கைக் குற்றமாக்கித் தண்டிப்பது மூன்றாவது வழி. கணக்கை அழித்தாலோ, சொத்தை மோசடியாக மறைத்தாலோ, கடமையை வேண்டுமென்றே செய்யத் தவறினாலோ ஓராண்டு வரை சிறை என்று 1920 சட்டத்தின் 69-ஆம் பிரிவு கூறுகிறது. விடுவிப்புப் பெறாத ஒருவர், தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவதும் குற்றம். கடன் கொடுத்தவர்களுக்குச் சேர வேண்டிய சொத்தை மறைப்பதை இந்திய தண்டனைச் சட்டமும் 421 முதலான பிரிவுகளில் குற்றமாக்கியிருந்தது.

இந்த வழியின் அறநெறி எல்லையை 1980-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக வரைந்தது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் கொச்சின் வங்கி வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பணம் தர முடியாத வறுமைக்காக ஒருவரைச் சிறையில் அடைப்பது அரசியல் சாசனம் காக்கும் மானத்துக்கும் உயிருரிமைக்கும் எதிரானது என்றார். தரும் வசதி இருந்தும் தீய எண்ணத்தோடு தர மறுப்பதுதான் சிறைக்குக் காரணமாக முடியும். இல்லாமையையும் மறைப்பையும் பிரித்துக் காட்டிய இந்தத் தீர்ப்பு, நொடிப்பு பற்றிய விவாதம் முழுவதற்கும் அளவுகோலாகப் பயன்படத்தக்கது.

தண்டனை வழியின் குறை நிரூபணத்தில் உள்ளது. விடுபட்ட சொத்து ஒன்றைக் காட்டுவது எளிது. அது வேண்டுமென்றே விடப்பட்டது என்று ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுவது கடினம். குற்றவழக்குத் தொடுப்பதால் கடன் கொடுத்தவருக்கு ஒரு ரூபாயும் திரும்பி வருவதில்லை என்பதால், அதில் அவருக்கு ஆர்வமும் குறைவு.

நான்காம் நிலைப்பாடு: கைமாறிய சொத்தை மீட்பது

பொய்யைத் தண்டிப்பதைவிட அதன் பலனைப் பறிப்பது மேல் என்பது நான்காம் கருத்து. பொருத்தமான விலையில்லாமல், நல்லெண்ணமின்றி நடந்த சொத்து மாற்றத்தை, அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்குள் நொடிப்பு மனு வந்தால் ரத்துசெய்ய 53-ஆம் பிரிவு இடமளிக்கிறது. மனுவுக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் கடன் கொடுத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்ததை 54-ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. கடன் கொடுத்தவர்களை ஏய்க்கும் நோக்கில் செய்த மாற்றங்களை 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 53-ஆம் பிரிவின்கீழும் எதிர்க்கலாம்.

டெல்டாவில் சொத்து கைமாறும் வடிவங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை: மனைவிக்குத் தான செட்டில்மென்ட், பிள்ளைகளோடு அவசரப் பாகப்பிரிவினை, அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம், மைத்துனர் பெயரில் கிரயம். இவை பதிவான பத்திரங்கள் என்பதால் வில்லங்கச் சான்றில் தென்படும். முன்பு சார்பதிவாளர் அலுவலகத்தில் காத்துக் கிடந்து வாங்கிய அந்தச் சான்றை இன்று இணையத்திலேயே பார்க்க முடிகிறது. பதிவான சொத்தை மறைப்பது முன்பைவிடக் கடினமாகியிருக்கிறது.

இந்துக் கூட்டுக் குடும்பம் இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. தந்தையின் முறையான கடனுக்காக மகனின் பங்கையும் விற்கும் அதிகாரம் பழைய இந்துச் சட்டத்தில் தந்தைக்கு இருந்தது. தந்தை நொடித்தால் அந்த அதிகாரம் ரிசீவருக்கு வருமா என்ற நீண்ட விவாதத்துக்கு, 1948-இல் சேர்க்கப்பட்ட 28ஏ பிரிவு ஆம் என்று விடை சொன்னது. 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தம், அதன்பின் ஏற்படும் தந்தையின் கடனுக்கு மகன் சமயக் கடமையால் பொறுப்பாவதை நீக்கியது. ஆகவே எது கடனாளியின் சொத்து, எது குடும்பத்தின் சொத்து என்று எழுதுவதே சட்ட அறிவு வேண்டும் வேலையாகிவிட்டது.

மீட்கும் வழிக்குக் கால எல்லைதான் குறை. இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்து மனுச் செய்பவருக்கு நொடிப்புச் சட்டத்தின் வலை எட்டாது. மாற்றம் நல்லெண்ணத்தில் நடக்கவில்லை என்று காட்டும் சுமையும் ரிசீவர் மேலேயே விழுகிறது.

ஐந்தாம் நிலைப்பாடு: தனிக்கணக்குக் கேட்காத நிவாரணம்

விளைச்சலும் விலையும் சேர்ந்து விழும்போது ஒவ்வொரு கடனாளியையும் தனியே விசாரிப்பதில் பொருளில்லை என்பது ஐந்தாம் கருத்து. 1930-களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தபோது இது சென்னை மாகாணத்தில் சட்டமாயிற்று. ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த 1938-ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1-க்கு முந்தைய கடன்களில் 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையிலிருந்த வட்டி முழுவதையும் தள்ளியது. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கருதியது.

இங்கே கடனாளி தன் ஒளிவுமறைவுகளைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் ‘விவசாயி’ என்ற வரையறைக்குள் வருகிறாரா என்பதே கேள்வி. வருமான வரி போன்றவற்றைச் செலுத்தியவர்கள் விலக்கப்பட்டனர். நேர்மைச் சோதனை, தகுதிச் சோதனையாக உருமாறியது.

அண்மைக் காலத் தள்ளுபடிகளும் இதே வழியில் வந்தவை. 2021 பிப்ரவரியில் கூட்டுறவுச் சங்கங்களின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. சுமார் 16.43 லட்சம் விவசாயிகள் அதனால் பயனடைவர் எனக் கூறப்பட்டது. அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட ஐந்து பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடியில் தகுதி ஆராயப்பட்டபோது, சுமார் 48 லட்சம் கடன்களில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவை தகுதியற்றவை எனக் கழிக்கப்பட்டன. தனிக்கணக்குக் கேட்காத நிவாரணமும் ஏதோ ஒரு கட்டத்தில் கணக்குக் கேட்கத்தான் செய்கிறது என்பதற்கு இது சான்று.

அண்மைத் தள்ளுபடிகள் தனியார் கடனைத் தொடுவதில்லை என்பது அவற்றின் பெரிய குறை. குத்தகைக்குச் சாகுபடி செய்பவர், தன் பெயரில் அடங்கல் பெற முடியாவிட்டால் கூட்டுறவுக் கடனும் பெறுவதில்லை, தள்ளுபடியும் பெறுவதில்லை.

டெல்டாவில் ஒரு மனுவின் பட்டியல்கள்

இந்த நிலைப்பாடுகள் அனைத்தும், கடனை எழுத முடியும் என்று எடுத்துக்கொள்கின்றன. ஐந்து மா சொந்த நிலமும் பத்து மா குத்தகை நிலமும் உழும் ஒரு குடும்பத்தின் மனுவைக் கற்பனை செய்து பார்த்தால் அது எவ்வளவு கடினம் என்று புலப்படும். தஞ்சை அளவில் மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர்.

கடன் பட்டியலில் முதல் வரி கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன். அதற்குத் தாள் உண்டு. இரண்டாவது வங்கி நகைக்கடன். அதற்கும் சீட்டு உண்டு, நகை அடமானத்தில் இருக்கிறது. மூன்றாவது உரக்கடைப் பாக்கி. அது கடைக்காரரின் நோட்டில் மட்டும் இருக்கிறது. நான்காவது நெல் வியாபாரி கொடுத்த முன்பணம், அறுவடையில் கழித்துக்கொள்வதாக வாய்ப்பேச்சு. ஐந்தாவது சம்பந்தி கொடுத்த கைமாற்று. அதை நீதிமன்றத்தில் எழுதினால் உறவு முறியும், எழுதாவிட்டால் மனு முழுமையாகாது. ஆறாவது எடுத்த சீட்டுக்குக் கட்ட வேண்டிய மீதித் தவணைகள். ஏழாவது கந்துவட்டி. வாங்கியது 20,000 ரூபாய் என்றாலும், தொகை நிரப்பாத புரோநோட்டில் கையெழுத்து வாங்கப்பட்டிருக்கிறது. அதில் எந்தத் தொகை எழுதப்படும் என்பது கடன் கொடுத்தவர் கையில்.

சொத்துப் பட்டியலிலும் இதே நிலை. பட்டா தாத்தா பெயரில் இருக்கலாம், பாகம் பிரிக்காமல் இருக்கலாம். கோயில் நிலத்தையோ மடத்து நிலத்தையோ வாய்மொழிக் குத்தகையில் உழுபவருக்கு அதில் எழுதத்தக்க உரிமை உண்டா என்பதே தெளிவில்லை. குத்தகைதாரர் உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற 1969-இலேயே தமிழ்நாடு சட்டம் இயற்றியிருந்தும், வாய்மொழி ஏற்பாடுகள் மறையவில்லை.

இத்தகைய சூழலில் விடுபடல் அனைத்தும் வஞ்சகமாக இருக்க முடியாது. அச்சமும் கூச்சமும் அறியாமையும் அவற்றில் கலந்திருக்கின்றன. அச்சத்துக்கு ஒரு மருந்து சட்டத்திலேயே உண்டு. உடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற அணிகள், விவசாயியின் உழவுக் கருவிகள், பிழைப்புக்குத் தேவையான மாடு, விதைநெல், அவர் குடியிருக்கும் வீடு ஆகியவற்றை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்குகிறது. நொடிப்பு நடவடிக்கையிலும் இவை ரிசீவர் கைக்குப் போவதில்லை. பட்டியலில் எழுதினாலே பறிபோகும் என்று அஞ்சித் தாலியையும் விதைநெல்லையும் மறைப்பவர், பறிபோக முடியாததை மறைத்துப் பொய்யராகிறார்.

கடன் கொடுத்தவரின் நேர்மையும் இதே அளவு சோதிக்கத்தக்கது. கடன் கொடுத்ததை நிரூபிக்கும் கடமை நொடிப்புச் சட்டத்தில் அவருக்கு உண்டு. நியாயமற்ற வட்டியை நீதிமன்றம் திறந்து பார்க்க 1918-ஆம் ஆண்டு கொள்ளை வட்டிச் சட்டம் வழிவிட்டது. 2003-இல் தமிழ்நாடு அளவுகடந்த வட்டி வசூலிப்பைத் தடைசெய்தது. ஆனால் முழு வெளிப்பாடு பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கடனாளியின் தாளையே பார்க்கின்றன, புரோநோட்டின் வரலாற்றைப் பார்ப்பது குறைவு.

2016 சட்டமும் நின்றுபோன சீர்திருத்தமும்

இரண்டு நொடிப்புச் சட்டங்களையும் ஒன்றாக்க வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 1964-ஆம் ஆண்டின் 26-ஆவது அறிக்கையிலேயே பரிந்துரைத்தது. 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தொகுப்பு அதைச் செய்ய முயன்றது. அதன் மூன்றாம் பகுதி தனிமனிதர்களுக்கானது. ஆனால் 2019 டிசம்பர் 1 முதல், கம்பெனிகளின் கடனுக்குப் பிணை நின்றவர்களுக்கு மட்டுமே அப்பகுதி நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. பிற தனிமனிதர்களுக்கு நூறாண்டு கடந்த பழைய சட்டமே இன்னும் பொருந்துகிறது.

புதிய சட்டத்தின் ‘புதுத் தொடக்கம்’ என்ற அத்தியாயம் ஏழைக் கடனாளிக்கானது. கடன், வட்டி, அடமானம் ஆகியவற்றின் விவரத்தோடு, கடனாளியும் நெருங்கிய குடும்பத்தினரும் முந்தைய இரண்டு ஆண்டுகளில் இருந்த நிதிநிலையையும் அது கேட்கிறது. பொய்த்தகவல் தெரியவந்தால் நிவாரணத்தைத் திரும்பப் பெறவும் முடியும். ஆனால் அதன் வரம்புகள் மிகக் குறுகியவை: ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000 ரூபாய்க்குள், தகுதியுள்ள கடன் 35,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், சொந்த வீடு கூடாது. அடமானக் கடன் தகுதியுள்ள கடனாகாது என்பதால் நகைக்கடன் வெளியே நிற்கும். 2019-ஆம் ஆண்டு நிலையைப் பதிவுசெய்த தேசிய மாதிரி ஆய்வின்படி, தமிழ்நாட்டு வேளாண் குடும்பங்களில் 65.1 விழுக்காடு கடனில் இருந்தன. ஒரு குடும்பத்தின் சராசரிக் கடன் 1,06,553 ரூபாய். அப்பகுதி நாளையே நடைமுறைக்கு வந்தாலும், ஓட்டுவீடோ கூரைவீடோ சொந்தமாக உள்ள டெல்டா விவசாயி வாசலிலேயே நிற்க நேரிடும்.

ஒப்பீட்டுக்கு அமெரிக்காவைக் காட்டலாம். நேர்மையான, ஆனால் அதிர்ஷ்டம் கைவிட்ட கடனாளிக்குப் புதுவாழ்வு என்ற கொள்கையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1934-இல் ஒரு தீர்ப்பில் வலியுறுத்தியது. அங்கே பட்டியலில் எழுதாமல் விட்ட கடன், அதைக் கொடுத்தவருக்கு உரிய நேரத்தில் தெரியாமல் போனால், பொதுவாக விடுவிப்பில் அடங்குவதில்லை. மறைப்பின் விலை, மறைத்த அந்தக் கடனிலேயே விழுகிறது. மனு முழுவதையும் தள்ளுவதைவிட இது அளவான தண்டனை. ஆனால் எழுத்தில் இல்லாத கடன்கள் மிகுந்த சமூகத்தில் இவ்விதி எந்த அளவு நியாயமாகச் செயல்படும் என்பது ஆராயப்பட வேண்டியது.

மதிப்பீடு

இந்த விடைகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கும்போது சில முடிவுகளுக்கு ஓரளவு உறுதியாக வர முடியும். முழு வெளிப்பாடு நொடிப்பு நிவாரணத்தின் நியாயமான விலை. அது இல்லாவிட்டால், மறைக்கத் தெரிந்த கடனாளியின் சுமையை நேர்மையான கடன் கொடுத்தவரும், அடுத்த முறை கடன் கேட்டு வரும் நேர்மையான கடனாளியும் சுமப்பார்கள். வாசலில் தடுப்பதைவிடச் சொத்தைப் பாதுகாத்து உள்ளே விட்டு, பிறகு நடத்தையை எடைபோடும் 1916 தீர்ப்பின் வழி மேலானது. அதற்கு விடுவிப்பு விசாரணை தவறாமல் நடக்க வேண்டும். இல்லாமையையும் மறைப்பையும் பிரித்த 1980 தீர்ப்பை எந்தச் சீர்திருத்தமும் கைவிடக்கூடாது.

தீராத கேள்விகளும் உள்ளன. வாய்மொழிக் கடன்களை எப்படிப் பட்டியலில் ஏற்றுவது? மனைவி, மக்களின் நிதிநிலையைக் கேட்பது எந்த எல்லை வரை நியாயம்? தவறுதலான விடுபடலைத் திருத்த எவ்வளவு காலம் தருவது? 2016 சட்டத்தின் வரம்புகள் எந்த அளவுக்கு உயர வேண்டும்? இவற்றுக்கு ஒருமித்த விடை இன்னும் உருவாகவில்லை.

கடனாளியிடம் உண்மையைக் கேட்கும் சட்டம், அவரிடமிருந்து எது பறிக்கப்படாது என்பதை முதலில் அவர் மொழியில் சொல்ல வேண்டும். அவர் எழுதும் பட்டியலைச் சோதிக்கும் அதே கண்ணால், அவருக்கு எதிராக நீட்டப்படும் புரோநோட்டையும் சோதிக்க வேண்டும். இரண்டும் நடக்கும் நீதிமன்றத்தில்தான் முழு உண்மையைக் கேட்கும் உரிமை சட்டத்துக்கு முழுமையாக உண்டு.